சீவ்னிங்கா, எராஸ்மஸா, ஃபுல்பிரைட்டா: தாராவியில் போட்ட கணக்கு

என் அக்கா மகள் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது பக்க நோட்டு ஒன்றோடு வந்தாள். முதல் பக்கத்தில் நடுவே கோடு. இடது பக்கம் வெளிநாட்டு ஸ்காலர்ஷிப்புகளின் பெயர்கள், வலது பக்கம் எவ்வளவு பணம். "சித்தி, இதுல எது பெரிசு?" என்று கேட்டாள். பணம் என்ற தலைப்பை அடித்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு தலைப்புகள் எழுதச் சொன்னேன். உன்னால் எந்த வருடம் விண்ணப்பிக்க முடியும்? படிப்பு முடிந்தபின் உன்னிடம் என்ன கேட்பார்கள்?

முழு ஸ்காலர்ஷிப் என்று பெயர் வாங்கியவை எல்லாமே கல்லூரிக் கட்டணம், மாதச் செலவு, பயணம் மூன்றுக்கும் வழி செய்கின்றன. ஒன்றில் கையில் கொஞ்சம் மிஞ்சும், இன்னொன்றில் இழுத்துப் பிடித்து வாழ வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எந்த வருடம் கதவு திறக்கிறது, எந்த நிபந்தனையோடு வெளியே விடுகிறார்கள் என்பதில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஏழெட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவியின் 90 அடி சாலைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிவங்களை நிரப்பியதில் நான் கற்றது இது. தாராவியிலிருந்து மிட்டி ஆற்றைத் தாண்டினால் பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸ். அமெரிக்கத் துணைத் தூதரகமும் பிரிட்டிஷ் துணை ஹைகமிஷனும் அங்கேதான் இருக்கின்றன. நடந்தே போய்விடலாம். ஆனாலும் இங்குள்ள பல வீடுகளில் ஏஜெண்டுக்குப் பணம் கொடுத்த பிறகுதான் சீவ்னிங் ஸ்காலர்ஷிப் என்ற பெயரையே கேள்விப்படுகிறார்கள். நான் இங்கே எழுதும் எந்த ஸ்காலர்ஷிப்புக்கும் ஏஜெண்ட் தேவையில்லை.

சரி, முதலில் அக்கா மகளின் கணக்கு. மூன்று வருட இளநிலை, அப்புறம் சமூகப்பணியில் முதுநிலை. இப்போது மும்பையின் கோவண்டிப் பகுதியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. காசநோயாளிகள் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாமல் இருக்கிறார்களா என்று சந்து சந்தாகப் போய்ப் பார்க்க வேண்டும். பொதுச் சுகாதாரத்தில் இன்னொரு முதுநிலை படிக்க ஆசைப்படுகிறாள்.

பிரிட்டிஷ் அரசின் சீவ்னிங் கேட்பது 2,800 மணி நேர வேலை அனுபவம். வாரம் 35 மணி, வருடம் 40 வாரம் என்று வைத்தால் இரண்டு வருடம். இவள் முதல் வருடம் அரை நாள் வேலைதான் பார்த்தாள். வாரம் 20 மணி, 48 வாரம், ஆக 960. இரண்டாம் வருடம் முழு நாள், வாரம் 40 மணி, அதில் 1,920. கூட்டினால் 2,880. நோட்டின் ஓரத்தில் இந்தக் கூட்டலை இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். எண்பது மணி நேரத்தில் தப்பித்தாள். சம்பளமில்லாத தொண்டும் பகுதிநேர வேலையும்கூட சீவ்னிங் கணக்கில் சேரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் 'எனக்கு அனுபவம் போதாது' என்று ஒதுங்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர். மாலையில் டியூஷன் எடுத்தது, வார இறுதியில் மருத்துவ முகாமில் நின்றது, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். தேதியோடும் கையெழுத்து போடக்கூடிய ஒருவரின் பெயரோடும் எழுதுங்கள்.

அமெரிக்காவுக்கான ஃபுல்பிரைட்-நேரு முதுநிலை ஃபெலோஷிப்பில் இந்தக் கூட்டல் செல்லாது. அங்கே குறைந்தது மூன்று வருடம், சம்பளத்தோடு, முழுநேர வேலை. இளநிலையில் 55 சதவீதம் வேண்டும், படிப்பு அமெரிக்காவின் நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். நம் மூன்று வருட பி.ஏ., பி.எஸ்சி. மட்டும் போதாது, அதன்மேல் முதுநிலையோ முதுநிலை டிப்ளோமாவோ முடித்திருக்க வேண்டும். இவளுக்கு அது இருக்கிறது, வருடம்தான் போதவில்லை. பாடங்களும் குறிப்பிட்ட சிலதான். பொதுச் சுகாதாரம், நகரத் திட்டமிடல், பொது நிர்வாகம், இதழியல் போன்றவை உண்டு.

ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி. நிறுவனம் வளரும் நாடுகளில் வேலை பார்ப்பவர்களுக்காகவே எபோஸ் என்ற திட்டம் நடத்துகிறது. இரண்டு வருட அனுபவம் வேண்டும், கடைசிப் பட்டம் வாங்கி ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. அரை நாள் வருடத்தை நம்பி அதில் இறங்க வேண்டாம் என்று சொன்னேன். ஆக நோட்டில் அவள் எழுதிக்கொண்டது: இந்த வருடம் சீவ்னிங்கும் பிரிட்டனின் இன்னொரு ஸ்காலர்ஷிப்பான காமன்வெல்த்தும், அடுத்த வருடம் எபோஸ், அதற்கடுத்த வருடம் ஃபுல்பிரைட். ஒரே பெண், மூன்று வருடம், வரிசையாகத் திறக்கும் கதவுகள். இந்த வருடம் கிடைக்காவிட்டால் எல்லாம் போச்சு என்ற பயம் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி குறைந்தது.

இந்த வருடத்து இரண்டில் எது? இங்கே எனக்குத் தெளிவான கருத்து உண்டு. சீவ்னிங் 1983 முதல் நடக்கிறது. அவர்கள் தேடுவது நாளைக்கு ஒரு நாட்டில் முடிவெடுக்கும் இடத்தில் உட்காரப்போகிற ஆளை. தலைமைப் பண்பு, மற்றவர்களோடு தொடர்பு வளர்த்துக்கொள்ளும் விதம், ஏன் பிரிட்டனில் இந்தப் படிப்பு, அப்புறம் என்ன செய்யப்போகிறாய் என்ற நான்கு கேள்விகளுக்கு எழுத வேண்டும். எந்தப் பாடமும் படிக்கலாம், மூன்று படிப்புகளைக் குறிப்பிடலாம். ஆகஸ்டில் திறந்து, அண்மை வருடங்களில் அக்டோபரிலேயே மூடிவிடுகிறார்கள். காமன்வெல்த் ஸ்காலர்ஷிப் அதைவிடப் பழையது, 1959இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த மாநாட்டில் பிறந்தது. அங்கே உன் படிப்பால் உன் நாட்டில் எந்த வேலை நகரும் என்று கேட்கிறார்கள். சுகாதார அமைப்புகளை வலுப்படுத்துவது அவர்கள் அறிவித்திருக்கும் வளர்ச்சித் தலைப்புகளில் ஒன்று. ஸ்காலர்ஷிப் இல்லாமல் பிரிட்டனில் படிக்க வசதியில்லாதவர்களுக்குத்தான் தருவோம் என்று நிபந்தனையிலேயே எழுதியிருக்கிறார்கள். வேலை அனுபவத்துக்கு மணிக் கணக்கு எதுவும் கிடையாது.

கோவண்டியில் ஒரு மாடிப்படியில் உட்கார்ந்து, மாத்திரையைத் தூக்கி எறிந்த ஒரு தாத்தாவிடம் முக்கால் மணி நேரம் பேசி மறுபடி விழுங்க வைத்த கதையை இவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். சீவ்னிங்கின் தலைமைப் பண்புக் கேள்விக்கு அதை எழுதச் சொன்னால் தடுமாறுகிறாள். 'நான் தலைவி' என்று எழுத அவளுக்குக் கூச்சம். காமன்வெல்த் கேள்விக்கு அதே கதையைத் தண்ணீர் மாதிரி எழுதினாள். அதனால் அவளுக்கு முதலிடம் காமன்வெல்த்துக்கு என்றேன். இரண்டுக்கும் போடத்தான் போகிறாள், ஆனால் முதல் வரைவும் நல்ல தூக்கம் தூங்கிய காலை நேரமும் காமன்வெல்த்துக்கு. ஒன்றை மறக்கக் கூடாது: இந்தியர்கள் லண்டனில் இருக்கும் காமன்வெல்த் ஸ்காலர்ஷிப் ஆணையத்தின் படிவத்தோடு நின்றுவிட முடியாது. டெல்லியில் நம் கல்வி அமைச்சகத்துக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், பரிந்துரை அங்கிருந்துதான் போகிறது. இதில் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. காமன்வெல்த்திலேயே பகிர்வு ஸ்காலர்ஷிப் என்று இன்னொரு வகை இருக்கிறது. அது பிரிட்டனின் சில பல்கலைக்கழகங்கள் வழியாக நேரே வருவது.

சான்றிதழ் விஷயத்தில் போன வருடமே அடிபட்டோம். அவள் படித்த இடத்தில் மதிப்பெண் தொகுப்பை மூடிய உறையில் வாங்க ஏழு வாரம் ஆனது. ஒரு தடவை கையெழுத்துப் போடுபவர் லீவு, ஒரு தடவை முத்திரை இல்லை, ஒரு தடவை பணம் கட்டிய ரசீதின் நகல் தெளிவாக இல்லை. அந்த ஏழு வாரத்தில் ஒரு கடைசித் தேதி கடந்துபோய்விட்டது. அதனால் எந்த ஸ்காலர்ஷிப் என்று முடிவு செய்வதற்கு முன்பே மதிப்பெண் தொகுப்பில் நான்கைந்து உறைகளையும், கடவுச்சீட்டையும் வாங்கி வைத்துவிடுங்கள். ஜெர்மனி மனதில் இருந்தால் ஏ.பி.எஸ். சான்றிதழும் வேண்டும். நம் பட்டங்களைச் சரிபார்க்கும் இந்த ஏற்பாடு 2022 நவம்பரிலிருந்து பெரும்பாலான இந்திய மாணவர்களின் விசாவுக்குக் கட்டாயம்.

இப்போது இரண்டாவது தலைப்பு, படித்து முடித்தபின். சீவ்னிங் வாங்கினால் இரண்டு வருடத்துக்குக் குறையாமல் தாய்நாட்டில் இருக்க வேண்டும். காமன்வெல்த்திலும் திரும்பி வருவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஃபுல்பிரைட்டில் இது விசாவோடேயே ஒட்டியிருக்கிறது. ஜே-1 விசாவில் போகிறவர் இரண்டு வருடம் இந்தியாவில் இருந்து முடிக்கும் வரை எச்-1பி விசாவோ கிரீன் கார்டோ வாங்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸில் இப்படி ஒரு நிபந்தனையே இல்லை. ஜெர்மனியில் படித்து முடித்தவர்கள் வேலை தேட 18 மாதம் அங்கே தங்கலாம், ஆனால் எபோஸ் எதிர்பார்ப்பது திரும்பிப் போய்த் தன் நாட்டில் வேலை பார்க்கிற ஆளைத்தான்.

இது நஷ்டமா லாபமா என்பது அவரவர் வீட்டைப் பொறுத்தது. அக்கா மகளுக்குக் கோவண்டியை விட்டு எங்கேயும் போகும் எண்ணமில்லை. திரும்பி வா என்று சொல்பவர்கள் அவளிடம் எதையும் பறிக்கவில்லை. ஸ்காலர்ஷிப் மட்டும் போதாது, குடும்பக் கடனை அடைக்க வெளிநாட்டுச் சம்பளம் வேண்டும் என்கிற பிள்ளைக்கு அதே வரி கழுத்தில் கல். இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மும்பை பரேலில் ஒரு சாலில் (வரிசைக் குடியிருப்பில்) இருந்த அம்பேத்கர் 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னர் சாயாஜிராவ் கொடுத்த உதவித்தொகையில். மாதம் 11.50 பவுண்டு, மூன்று வருடம். அதற்குப் பதிலாகப் பத்து வருடம் பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917இல் வேலைக்குப் போனவருக்கு அந்த ஊரில் தங்க ஓர் இடம் கொடுக்க ஆளில்லை. மும்பைக்கே திரும்பினார். பாதியில் விட்ட லண்டன் படிப்பை 1920இல் தொடரப் போனபோது, சிடனம் கல்லூரிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது, கோலாப்பூர் ஷாகு மகாராஜா கொடுத்தது, நண்பர் நவல் பாதேனாவிடம் வாங்கிய கடன் என்று மூன்று இடத்துப் பணத்தைச் சேர்த்துக்கொண்டு போனார். கையெழுத்துப் போடும் முன் கடைசிப் பக்கத்தைப் படிக்கச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

அடுத்தவன் எங்கள் சந்திலேயே இருக்கும் ஒரு தம்பி. இந்த வருடம்தான் பொறியியல் முடித்தான், 71 சதவீதம். அப்பா தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. தாத்தா 1960களில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர். "அக்கா, எனக்கு எங்கேயாவது போனா போதும்" என்கிறான். அனுபவம் கேட்கும் எந்தக் கதவும் அவனுக்கு இன்று திறக்காது. அவனுக்கு என் முதல் பதில் எராஸ்மஸ் முண்டுஸ்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம் இது. பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் முதுநிலை, குறைந்தது இரண்டு நாடுகளிலாவது படிக்க வேண்டியிருக்கும். கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ. விமானம், விசா, வாடகை எல்லாம் அந்த 1,400க்குள்தான். பெரும்பாலான படிப்புகள் வேலை அனுபவம் கேட்பதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் அதன் இணையதளத்திலேயே நேராக விண்ணப்பிக்க வேண்டும், அக்டோபர் முதல் ஜனவரி வரை பெரும்பாலும் முடிந்துவிடும். இந்த ஸ்காலர்ஷிப்பை அதிகம் வாங்கும் நாடுகளில் இந்தியா முன்வரிசையில் இருக்கிறது. மும்பையில் படித்த பொறியியல் பிள்ளைக்கு இது எட்டாக்கனி இல்லை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. முடிவு மூன்று விதமாக வரும்: ஸ்காலர்ஷிப்போடு இடம், காத்திருப்புப் பட்டியல், சொந்தச் செலவில் இடம். மூன்றாவது கடிதமும் 'வாழ்த்துகள்' என்றுதான் தொடங்கும். அதைக் காட்டி இனிப்பு கொடுத்து, இரண்டு நாள் கழித்துக் கட்டண வரியைப் படித்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். அந்தக் கடிதத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம். இன்னொன்று, முதல் மாதப் பணம் பெரும்பாலும் அங்கே போய் வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் வரும். டிக்கெட், முன்பணம், முதல் மாத வாடகைக்கு இங்கிருந்தே ஏற்பாடு வேண்டும். அதற்கு ஒரு சிறு கடனை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

எராஸ்மஸ் கிடைக்காவிட்டால் ஜெர்மனி அரசுப் பல்கலைக்கழகம், அங்கே கட்டணம் இல்லையே என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலான இடங்களில் உண்மைதான். ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் வெளிநாட்டு மாணவர்களுக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ உண்டு, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது கட்டணம் வாங்குகிறது. கட்டணமே இல்லாத இடத்திலும் விசாவுக்கு முடக்கப்பட்ட கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகைதான் எடுக்க முடியும்) வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். ஏறக்குறைய 12 லட்சம் ரூபாய். பொதுத்துறை வங்கிகளின் வழக்கமான கல்விக் கடனில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள். தாராவி வீட்டுக்கு போட்டோபாஸ் (குடிசைவாசிகளுக்கு அரசு தரும் அடையாளச் சீட்டு) உண்டு, ஈடாக வைக்கப் பத்திரம் கிடையாது. இந்த ஒரு இடத்தில்தான் எங்கள் பிள்ளைகளும் மாட்டுங்கா ஃபிளாட்டில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் பிரிகிறார்கள்.

அந்தப் பள்ளத்தை நிரப்ப மும்பையிலேயே இரண்டு கை இருக்கின்றன. ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892இல் தொடங்கிய ஜே.என். டாட்டா அறக்கொடை, அப்புறம் கே.சி. மகிந்திரா. இரண்டும் இலவசப் பணம் இல்லை, கடன் ஸ்காலர்ஷிப். மகிந்திராவுடையது வட்டியில்லாதது. டாட்டாவுடையதில் முதலில் போன இரண்டு பேரும் பெண்கள், இருவருமே மருத்துவம் படிக்கப் போனவர்கள் என்பதை அக்கா மகளிடம் சொன்னபோது நோட்டில் தனியாக எழுதிக்கொண்டாள். பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் லண்டன் போனதும் இந்த டாட்டா பணத்தில்தான். இவை முழுச் செலவுக்குப் போதாது. ஆனால் முழு ஸ்காலர்ஷிப்புக்கு வெளியே விடுபடும் இரண்டு மூன்று லட்சத்துக்கும், விசாவுக்குக் காட்ட வேண்டிய தொகையில் ஒரு பகுதிக்கும் மிகவும் உதவும். இன்லாக்ஸ் ஸ்காலர்ஷிப்பும் மும்பையிலிருந்தே நடக்கிறது. 30 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, அட்மிஷன் கையில் இருக்க வேண்டும், போட்டி மிகக் கடுமை. தம்பிக்கு இப்போதைக்கு அதை நான் சொல்லவில்லை.

அவன் ஆதிதிராவிடர் பிரிவைச் சேர்ந்தவன். அதனால் மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு ஸ்காலர்ஷிப் அவனுக்கு உண்டு. வருடம் 125 இடம், அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35க்குள், 60 சதவீத மதிப்பெண், உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் பல்கலைக்கழகத்தில் அட்மிஷன். இந்த நான்கும் இருந்தால் முழுச் செலவும் அரசுடையது. ஆனால் இதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. 2025இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் தற்காலிக ஆணை வந்தது, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் தருவோம் என்று சொல்லப்பட்டது. அட்மிஷனை ஏற்றுக்கொண்டு முன்பணம் கட்ட வேண்டிய நேரத்தில் அப்படி ஒரு காத்திருப்பு எந்தக் குடும்பத்தையும் உலுக்கிவிடும். எராஸ்மஸும் இதுவும் சேர்ந்தே போகட்டும் என்றேன்.

மகாராஷ்டிர அரசு ராஜரிஷி ஷாகு மகாராஜ் பெயரில் பட்டியல் சாதி, நவபௌத்த (பௌத்தத்துக்கு மாறிய) மாணவர்கள் 75 பேரை வருடாவருடம் வெளிநாடு அனுப்புகிறது. பிறந்ததிலிருந்து தாராவியில் வளர்ந்த இவனுக்கு அது கிடைக்காது. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக்கு முன்பே குடும்பம் இந்த மாநிலத்தில் இருந்திருந்தால்தான் இங்கே பட்டியல் சாதிச் சலுகை. வேறு மாநிலத்திலிருந்து குடிவந்தவர்களுக்குக் குடியேறிய மாநிலத்தின் சலுகை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1994இல் ஒரு மகாராஷ்டிர வழக்கிலேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் இருக்கிறது, அது தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களுக்கு. ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று, ஓட்டு எல்லாம் இங்கே இருக்கிற பிள்ளை அங்கேயும் வெளியாள். மூன்று தலைமுறை உழைத்த ஊரில் இப்படி இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் நிற்பது எனக்கு இன்றும் ஆறாத வேதனை.

ஆனால் மத்தியத் திட்டம் அவனுக்கு மூடவில்லை. அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ தமிழ்நாட்டில் கொடுத்த சாதிச் சான்றிதழைக் காட்டினால், குடிபெயர்ந்தவர்களுக்கான சான்றிதழை இங்கே வாங்கலாம், மத்திய அரசுச் சலுகைகளுக்கு அது செல்லும். தாத்தாவிடம் எந்தக் காகிதமும் இல்லை. அப்பாவிடம் பள்ளி மாற்றுச் சான்றிதழ் மட்டும், அதில் சாதி எழுதிய இடம் கரையான் அரித்துக் கிடக்கிறது. ஊரில் பெரியப்பா மகனுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிய சான்றிதழ் இருக்கிறதாம், அதை வைத்து அப்பாவுக்கு முதலில் அங்கேயே ஒன்று வாங்க வேண்டும்.

எராஸ்மஸ் அக்டோபரில் திறந்துவிட்டால் அந்தப் படிவங்களுக்கே நேரம் போய்விடும். அதற்குள் இது முடிய வேண்டும். பட்டறையில் அப்பாவுக்கு ஒரு வாரம் லீவு சொல்லியாயிற்று. தாதரிலிருந்து திருநெல்வேலி போகும் சாளுக்கியா எக்ஸ்பிரஸில் தம்பி நேற்று இரண்டு டிக்கெட் போட்டான், அப்பாவுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று.